கணக்கில் வராத ஓவியங்கள்

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிற ஆள் ஓவியத்தைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். வாட்டர்கலர் எனக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனால் போன வருடம் ஒரு பறவையின் வாலை வரைந்து மானம் போனது. அந்தச் சம்பவமும், அதற்குப் பிறகு தேடிப் படித்த ஒரு மனிதரின் கதையும் சேர்ந்து எனக்குள் ஒரு கருத்தை உண்டாக்கிவிட்டன. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் வால் கதை.

எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கம். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஏரிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், கரையில் உட்கார்ந்து தண்ணீர், பனைமரம், தாமரை இலை, கொக்கு என்று எதையாவது வரைந்துகொண்டிருப்பேன். இதைப் பார்த்த தெரிந்தவர் ஒருவர் (சின்ன அச்சகம் வைத்திருக்கிறார்) மேசைக் காலண்டருக்குப் பன்னிரண்டு பறவைப் படம் கேட்டார். ஒரு படத்துக்கு 500 ரூபாய், மொத்தம் 6,000. எனக்கு அது பெரிய தொகை. பரீட்சைக் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை.

மூன்று வாரத்தில் கொடுக்க வேண்டும். ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்தால் மூன்று வாரத்தில் மூன்று படம்தான் தேறும். எனவே எல்லோரும் செய்வதையே செய்தேன். நெட்டில் அழகான போட்டோக்களைத் தேடி எடுத்து, செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். ஜனவரி மாதத்துக்கு நீளவால் இலைக்கோழி. தாமரை இலை மேல் நடக்குமே, நீண்ட கறுப்பு வால், கழுத்துக்குப் பின்னால் தங்கம் பூசினது போல மஞ்சள், அந்தப் பறவை. பன்னிரண்டில் அதுதான் அழகாக வந்தது. அச்சகக்காரருக்கும் திருப்தி. வகுப்பில் எல்லோரும் பாராட்டினார்கள்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரியில் லாரி டியூபில் மிதந்துகொண்டு தாமரைப் பூ பறிக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. இரண்டு வருடமாகப் பார்த்துச் சிரித்துக்கொள்கிற பழக்கம். பெருமையாக அவரிடம் காலண்டரைக் காட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"படம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தை மாசத்துல இதுக்கு இந்த வால் ஏது? அதெல்லாம் முட்டை வைக்கிற காலத்துலதான். இப்ப பாரு, மொட்டையாத்தான் திரியுது."

அவர் காட்டிய இடத்தில் பார்த்தேன். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தோரம் ஒரு கறுப்புக் கோடு. குட்டை வால். அதே நீளமான விரல்கள், அதே நடை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இந்தப் பறவை அந்த அலங்காரத்தை எல்லாம் உதிர்த்துவிடுகிறது. இரண்டு வருடமாக அதே இடத்தில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு ஏதோ பறவை என்று நினைத்திருந்தேன்!

காலண்டர் ஏற்கெனவே விற்றுவிட்டது. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வணிக ரீதியாகப் பார்த்தால் அது வெற்றிகரமான ஆர்டர். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு வேறு மாதிரிதான் இருந்தது.

*

சரி, இப்போது அந்த மனிதரின் கதை.

பழைய புத்தகக் கடையில் முன்பு எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ஒரு குட்டிப் புத்தகம் வீட்டில் இருந்தது. லேடிபேர்ட் வெளியீடு. இங்கிலாந்தில் 1959 முதல் 1961 வரை வெளிவந்த வரிசை அது. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று பருவத்துக்கு ஒரு புத்தகமாக நான்கு. ஒவ்வொரு பருவத்திலும் வெளியே போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்பவை. எழுதியவர் கிராண்ட் வாட்சன், படங்கள் டன்னிக்ளிஃப். வால் விவகாரத்துக்குப் பிறகு அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பருவத்துக்கு ஏற்றபடி பறவையைக் காட்டுவதற்கென்றே போட்ட புத்தகம்! யார் இந்த ஆள் என்று தேட ஆரம்பித்தேன்.

சார்லஸ் டன்னிக்ளிஃப். 1901-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்தவர். சிறு விவசாயப் பண்ணையில் வளர்ந்த பையன். மாக்கிள்ஸ்ஃபீல்டில் ஓவியம் படித்து, உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்குப் போனார். ஆரம்பத்தில் செதுக்கோவியங்களில் பெயர் வாங்கினார். ஹென்றி வில்லியம்சன் எழுதிய 'டார்கா' என்ற நீர்நாய்க் கதைக்கு 1932-ல் வந்த பதிப்பில் இவர் செய்த மரச்செதுக்குப் படங்கள்தான் அவரைப் பரவலாகத் தெரியவைத்தன. அந்தப் புத்தகத்துக்குப் படம் போடலாமே என்று யோசனை சொன்னது அவர் மனைவி வினிஃப்ரெட். அவரும் ஓவியம் படித்தவர்.

1947-ல் இருவரும் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக்குக் குடிபோனார்கள். அங்கே மால்ட்ரேத் என்று ஒரு கிராமம். கெவ்னி என்கிற சின்ன ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். கரையோரத்திலேயே ஒரு வீடு, பெயர் ஷோர்லாண்ட்ஸ். ஓவிய அறையின் ஜன்னலுக்கு வெளியே முகத்துவாரம். கடல் ஏறும்போது தண்ணீர், இறங்கும்போது சேறும் மணலும். பக்கத்தில், கடல் நீர் உள்ளே வராமல் இருக்க 19-ஆம் நூற்றாண்டில் போட்ட நீண்ட கரை ஒன்று. அதன் மறுபக்கம் ஒரு குட்டை.

இந்த இடத்தில் அவர் எத்தனை வருடம் இருந்தார் தெரியுமா? 1979-ல் இறக்கும் வரை. முப்பத்திரண்டு வருடம், ஒரே ஜன்னல், ஒரே சேறு, ஒரே குட்டை. தீவில் வேறு இடங்களுக்கும் போய் வரைந்திருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீடு அதுதான். ஒரு கோடை முழுக்க அங்கே பார்த்ததை எழுத்தும் படமுமாக 1952-ல் ஒரு நாட்குறிப்புப் புத்தகமாகவும் போட்டிருக்கிறார்.

அவர் வேலை செய்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதல் படி, வெளியே போய்ப் பார்ப்பது. பறவை நமக்காகக் காத்திருக்காது. எனவே வெளியே செய்வது வேகமான கிறுக்கல்கள், குறிப்புகள். இரண்டாவது படி, வீட்டுக்கு வந்ததும் பார்த்தது மறப்பதற்கு முன்னால் ஸ்கெட்ச் புத்தகத்தில் வண்ணத்தோடு வரைந்து வைப்பது. எந்தப் பறவை, எங்கே, என்றைக்கு, வெளிச்சம் எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது என்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பார். இப்படி வாழ்நாள் முழுக்க நிரப்பிய புத்தகங்களிலிருந்து தேர்ந்தெடுத்த பக்கங்கள் 1979-லிலும் 1981-லிலும் நூல்களாக வந்தன.

மூன்றாவது படிதான் ஆச்சரியம். செத்துக் கிடக்கும் பறவை எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள்வார். தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அதை மேசையில் வைத்து, அளவுக் கருவியால் ஒவ்வொரு பகுதியாக அளந்து, நிஜமான அளவிலேயே வரைவார். இறக்கையை விரித்து மேல்பக்கம், திருப்பிப் போட்டு அடிப்பக்கம், தலை, அலகு, கால், விரல், எந்த இறகுக்கு அடுத்து எந்த இறகு, அதில் எங்கே புள்ளி, எங்கே கோடு. இதற்கு 'அளந்து வரைந்த படங்கள்' என்றே பெயர். இப்படி நூற்றுக்கணக்கில் சேர்ந்தன.

இவை விற்பதற்காக வரைந்தவை இல்லை. யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. அவருக்கு வேண்டும் என்று அவரே வரைந்து அடுக்கி வைத்தவை. புது ஓவியம் தொடங்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார். 1974-ல் ராயல் அகாடமியில் இவற்றைக் காட்சிக்கு வைத்தபோதுதான் இப்படி ஒரு புதையல் இருப்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல்.

*

இதைப் படித்தால் ஏதோ முனிவர் மாதிரி, காசைத் தொடாத ஆள் மாதிரித் தோன்றும். அதுதான் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

மனிதர் பக்கா தொழில்காரர். விவசாயப் பொருட்களுக்கு விளம்பரப் படம் போட்டிருக்கிறார். ஏராளமான புத்தகங்களுக்கு அட்டையும் உள்படங்களும் போட்டிருக்கிறார். பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் பத்திரிகைக்கு அட்டைப்படம் வரைந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, டீத்தூள்! நம் வீட்டு அலமாரியிலும் இருந்த ப்ரூக் பாண்ட் டீதான். அந்தக் காலத்தில் பிரிட்டனில் ப்ரூக் பாண்ட் பாக்கெட்டுக்குள் சின்னச் சின்னப் பட அட்டைகள் போடுவார்கள். பையன்கள் சேர்த்து ஆல்பத்தில் ஒட்டுவார்கள். அந்தப் பறவை அட்டைகளில் பல இவர் வரைந்தவை. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அட்டைக்கு, சேகரிக்கிற பையன் ஏமாறாத அளவுக்குச் சரியான ஒரு பறவை.

ஒரு பக்கம் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிகளுக்குப் பெரிய வாட்டர்கலர் ஓவியங்கள், இன்னொரு பக்கம் டீ பாக்கெட். 1954-ல் அகாடமியின் முழு உறுப்பினராகவே ஆனவர், டீ அட்டையைக் கேவலமாக நினைக்கவில்லை.

நம் ஊரில் இதைப் பற்றி இரண்டே இரண்டு கட்சிதான். ஒரு கட்சி, கலை என்றால் காசு வாங்கக் கூடாது, விளம்பரத்துக்கு வரைந்தால் கலைஞன் செத்தான் என்று சொல்கிறது. இன்னொரு கட்சி எங்கள் வகுப்பில் இருக்கிறது. உனக்கு ஒரு திறமை இருக்கிறதா, உடனே அதைக் காசாக்கு, இன்ஸ்டாவில் போடு, ரீல் எடு, ஸ்டிக்கர் போட்டு வில். சும்மா ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்து நோட்டை மூடி வைத்தால் நேர விரயம்.

இரண்டு கட்சியும் தப்பு என்பதுதான் என் கருத்து. டன்னிக்ளிஃப் இரண்டு கட்சிக்கும் பதில் வைத்திருக்கிறார்.

எங்கள் பாடத்தையே வைத்துச் சொல்கிறேன். காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், குட்வில் என்று ஒரு சமாச்சாரம். ஒரு கடையை நீங்கள் விலைக்கு வாங்கும்போது, அதன் சொத்து மதிப்பை விட அதிகமாகக் கொடுத்த தொகையை குட்வில் என்று கணக்கில் காட்டலாம். ஆனால் நாற்பது வருடம் நாணயமாகக் கடை நடத்தி நீங்களே சம்பாதித்த நல்ல பெயரைச் சொத்து என்று காட்டக் கூடாது. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 26 இதைத் தெளிவாகச் சொல்கிறது. காரணமும் நியாயமானதுதான். அதற்கு நம்பகமாக ஒரு விலை போட முடியாது. ஆளாளுக்கு இஷ்டப்பட்ட தொகையை எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் கவனியுங்கள். கணக்கில் காட்ட முடியாது என்றுதான் விதி சொல்கிறது. அது இல்லை என்று சொல்லவில்லை. கடை ஓடுவதே அதனால்தான்.

அளந்து வரைந்த அந்தப் படங்கள் டன்னிக்ளிஃபின் குட்வில். ஒரு பறவையின் இறகுகளை ஒவ்வொன்றாக அளந்து வரைவது ஒரு மணி நேர வேலை இல்லை. அந்த நேரத்தில் காசு வரும் இன்னொரு ஆர்டரை முடித்திருக்கலாம். வரவு செலவு எழுதினால் அது முழுக்கச் செலவு. வரவுப் பக்கம் பூஜ்யம். ஆனால் டீ அட்டையாக இருந்தாலும் அகாடமி ஓவியமாக இருந்தாலும், அவர் கை தயங்காமல் போனதற்குக் காரணம் அந்த அலமாரி. அது இருந்ததால்தான் விற்பனைக்கு வரைந்ததும் பொய்யாகப் போகவில்லை.

என் காலண்டரில் நடந்தது இதற்கு நேர் எதிர். நான் விற்றதில் தப்பு இல்லை. விற்பதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் விற்றேன். அடுத்தவர் எடுத்த போட்டோ, அடுத்தவர் பார்த்த பறவை, எந்த மாதத்தில் எடுத்தது என்றுகூடத் தெரியாது. கையில் சரக்கே இல்லாமல் பில் போட்ட மாதிரி.

*

இதற்கு வரக்கூடிய மறுப்புகளும் எனக்குத் தெரியும். நண்பர்களிடம் பேசிப் பார்த்ததில் மூன்று வந்தன.

ஒன்று: கேமரா இருக்கும்போது அளந்து வரைவது எதற்கு? நியாயமான கேள்வி. பறவையை அடையாளம் காண நல்ல போட்டோ போதும், பல நேரம் அதுதான் சிறந்தது. நான் கேமராவுக்கு எதிரி இல்லை. ஆனால் போட்டோ எடுக்கும்போது பார்ப்பது கேமரா, நான் இல்லை. என் செல்போனில் அந்த மொட்டை வால் பறவையின் போட்டோ நாலைந்து கிடந்தது. அப்புறம்தான் தேடிப் பார்த்தேன்! படம் கையில் இருந்தும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. வரையும்போது அப்படித் தப்பிக்க முடியாது. கால் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாவிட்டால் பென்சில் அங்கேயே நின்றுவிடும். நாரையின் கால் முழங்கால் பின்பக்கமாக மடிவது போலத் தெரியுமே, அது முழங்காலே இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. நாலு முறை தப்பாக வரைந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

இரண்டு: செத்த பறவையை மேசையில் போட்டு அளப்பது அருவருப்பாக இல்லையா? எனக்கும் அது சங்கடம்தான். நான் செய்யப்போவதும் இல்லை. அவருடைய காலத்தில் பறவையை அருகில் வைத்துப் பார்க்க அதுதான் வழி. நம் நாட்டில் சட்டமும் வேறு, செத்த காட்டுப் பறவையாக இருந்தாலும் நம் இஷ்டத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையை இல்லை, அதன் பின்னால் இருக்கும் பிடிவாதத்தை. தெரியாததைத் தெரிந்த மாதிரி வரைந்து ஒப்பேற்ற மாட்டேன் என்கிற பிடிவாதம்.

மூன்றுதான் கஷ்டமான கேள்வி. அவருக்கு வீடு இருந்தது, தொழில் இருந்தது, முப்பத்திரண்டு வருடம் இருந்தது. நமக்கு? செமஸ்டர், கோச்சிங், பிளேஸ்மெண்ட், வீட்டுக் கடன். ஜன்னல் வழியாகச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அவருக்கும் கெடு இருந்தது, பதிப்பாளர்கள் காத்திருந்தார்கள். நேரம் மிச்சமாகி அவர் அந்த வேலையைச் செய்யவில்லை. அதற்கும் ஒரு பங்கு நேரத்தை ஒதுக்கினார். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்பது என்னால் ஒதுக்க முடிகிற பங்கு. முப்பத்திரண்டு வருடத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு வருடத்துக்குக் கொடுக்கலாம்.

*

இன்னொரு விஷயம். உள்ளூர்த் தண்ணீர் என்பதைப் பற்றி.

வாட்டர்கலர் கற்றுக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வரைவதெல்லாம் எங்கோ பார்த்திராத ஏரி, பனிமலை, பைன் மரம், அதற்குக் கீழே இரண்டு அன்னப்பறவை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஏரி இருக்கும், அதை வரையத் தோன்றாது. அது 'அழகான இடம்' என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை அல்லவா.

மால்ட்ரேத்தும் உலகப் புகழ் பெற்ற சுற்றுலாத் தலம் இல்லை. சேறு, உப்புப் புல், ஒரு கரை, ஒரு குட்டை. அங்கே வரும் பறவைகளின் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாமக்கோழி, முக்குளிப்பான், சாம்பல் நாரை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பவளக்காலி, பச்சைக்காலி. எல்லாம் நம் ஏரியிலோ கடற்கரைக் கழியிலோ பார்க்கக்கூடியவைதான்! ஊசிவால் வாத்து குளிர்காலத்தில் அவர் ஊருக்கும் போகிறது, நம் ஊருக்கும் வருகிறது. ஒரே வாத்து இரண்டு இடத்துக்கும் போகும் என்று சொல்லவில்லை, ஒரே இனம். அவர் முப்பது வருடம் பார்த்தும் அலுக்காத பறவைகள் நம் ஏரிக்கரையில் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நாம் பைன் மரம் வரைந்துகொண்டிருக்கிறோம் :-)

அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால் என்ன கிடைக்கும் என்று இந்தச் சில மாதங்களில் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசுவது இல்லை, விட்டுவைப்பது. கொக்கு வெள்ளையாக வர வேண்டுமானால், கொக்கைச் சுற்றி இருக்கிற தண்ணீரையும் புல்லையும் பூசி, கொக்கு இருக்கும் இடத்தில் காகிதத்தை அப்படியே விட வேண்டும். அப்படி விட வேண்டுமானால் கொக்கின் வடிவம் முன்கூட்டியே மனதில் இருக்க வேண்டும். ஒரு தடவை நிறம் உள்ளே போய்விட்டால் அந்த வெள்ளை போனது போனதுதான்.

தண்ணீரில் தெரியும் நிழலும் அப்படித்தான். மேலே இருக்கும் பறவையைத் தலைகீழாக ஒரு காப்பி போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை. நாம் மேலிருந்து பார்க்கிறோம், தண்ணீர் கீழிருந்து பார்க்கிறது. எனவே நிழலில் பறவையின் வயிற்றுப் பக்கம் அதிகம் தெரியும். வெளுப்பான பொருளின் நிழல் கொஞ்சம் மங்கி இருக்கும், கறுப்பான பொருளின் நிழல் கொஞ்சம் வெளுத்திருக்கும். காற்று அடித்தால் எல்லாம் துண்டு துண்டாகிவிடும். ஈரத்தின் மேல் ஈரமாக வண்ணம் வைத்தால் தண்ணீர் வரும், ஆனால் நம் ஊரில் சித்திரை வெயிலில் காகிதம் கண் இமைப்பதற்குள் காய்கிறது, ஐப்பசியில் அரை மணி நேரம் ஆனாலும் காய்வதில்லை. இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. ஏரி சொல்லிக்கொடுத்தது. பூப் பறிக்கிற பெரியவர் மீதியைச் சொல்லிக்கொடுக்கிறார்.

நான் போகிற ஏரியில் ஒரு மூலையில் மண் கொட்டி மேடாக்கி இருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு அங்கே தண்ணீர் இருந்ததா என்று தம்பி கேட்டான். எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை! வரைந்து, தேதி போட்டு வைத்திருந்தால் சொல்லியிருப்பேன். டன்னிக்ளிஃபின் நோட்டுகளில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது. அவர் இறந்த பிறகு அந்தத் தொகுப்பு நாலு பக்கம் சிதறிப் போகாமல் ஆங்கிள்சி தீவிலேயே தங்கிவிட்டது. தீவின் கவுன்சில் பொறுப்பில், லாங்கெவ்னி ஊரில் 1991-ல் திறந்த 'ஓரியல் அனிஸ் மோன்' என்ற அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. தன் உபயோகத்துக்கு என்று ஒரு மனிதர் சேர்த்தது, கடைசியில் ஒரு ஊருக்கே தன் தண்ணீரைப் பற்றிய நினைவாக ஆகிவிட்டது. எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் வராத சொத்து என்று நான் சொன்னது இதைத்தான்.

*

கடைசியாக, இதை இப்போது எழுதுவதற்கான காரணம்.

அச்சகக்காரர் அடுத்த வருடக் காலண்டருக்கும் கேட்டுவிட்டார். அதே பன்னிரண்டு படம், அதே 6,000 ரூபாய், அதே மூன்று வாரம். "நெட்ல பாத்து வரைஞ்சுடும்மா, போன தடவை மாதிரியே இருக்கட்டும்" என்றார். போன தடவை மாதிரி என்று கேட்டதும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

இரண்டு நாள் யோசித்தேன். பரீட்சைக் கட்டணம் கண் முன்னால் வந்து போனது. பிறகு போய்ச் சொன்னேன். "வரைஞ்சு தரேன் அண்ணே, காசும் வாங்கிக்கிறேன். ஆனா நம்ம ஏரியில நான் பார்த்த பறவையை மட்டும்தான் வரைவேன். அந்தந்த மாசத்துல எது எப்படி இருக்கோ அப்படி. அதுக்கு ஒரு வருஷம் வேணும். இப்ப கையில ஆறு மாசத்துக்குத்தான் படம் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஜனவரியில் வால் இல்லை என்று எந்த வாடிக்கையாளர் சண்டைக்கு வரப்போகிறார் என்று கேட்டார். நியாயம்தான், யாரும் வர மாட்டார்கள். இந்த வருட ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வருடத்துக்குப் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

6,000 ரூபாய் நஷ்டம் என்று வகுப்பில் ஒருத்தி கணக்குப் போட்டுச் சொன்னாள். வாய்ப்பை விட்டதற்கான செலவு, பாடத்திலேயே இருக்கிறது, அவள் சொன்னது சரிதான். நான் அதை மறுக்கவில்லை. வருத்தமும் இருக்கிறது. எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாத சில விஷயங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன என்று மட்டும் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஜனவரிப் படத்தை மறுபடி வரைந்தேன். பழுப்பு முதுகு, குட்டை வால், தாமரை இலை. பழைய படம் அளவுக்குப் பளிச்சென்று இல்லை. பெரியவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விரலு இன்னும் கொஞ்சம் நீளம்மா" என்றார்.

பென்சிலை மறுபடி எடுத்தேன்.

பி.கு.: உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஏரி, குளம், கழி, கால்வாய் எது இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்து பாருங்கள். வரையத் தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லை. தேதி போட மட்டும் மறக்காதீர்கள்.